பூவம்மா செய்த பிள்ளை

இப்போதெல்லாம் சனங்களுக்கு எதைப் பார்த்தாலும் வாயைப் பிளக்க வேண்டும். ஒடிந்த குடையை வளைத்துக் காக்கை என்று வைத்தால், "ஆகா!" என்பார்கள். அன்று ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கையில் அகப்பட்டதையெல்லாம் முறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர்களாயிருந்தால் அதையும் வெற்றிலை மென்றுகொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

சிராங்கூன் ரோட்டில் டிராம் ஓடத் தொடங்கிய வருஷம் அது. அந்த ரோட்டை ஒட்டிய தேக்காவில் சேதுபதியின் மாட்டுக் கொட்டகைக்கு நான்தான் வண்டியில் புல் கொண்டுபோய்ப் போடுவேன். அன்று மத்தியானமே மழை இருட்டு. உள்ளே சாணி நெடி, ஈர வைக்கோல் நெடி, அதற்கும் அடியில் புளித்த பால் வாடை. கூரை சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மாடும் அசை போடவில்லை.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்சாதி பூவம்மாவுக்குக் கேட்காதபடி சேதுபதி என்னை ஓரமாக இழுத்தான்.

"அண்ணே, பூவம்மா சோறு தொட மாட்டேங்குறா. புள்ள பசியா இருக்கையில நான் எப்படித் திங்கிறதுங்கிறா. செத்துப் போயிடுவாண்ணே. நீங்க செங்கச் சூளைப் பக்கந்தானே போறீங்க? அந்தப் பொம்மையைக் கொண்டுபோய் நெருப்புல போட்டுடுங்க."

"ஏன், உனக்குக் கையில்லையா?"

"கை இருக்குண்ணே. தைரியம் இல்ல."

கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலை அடைத்து மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் விடும். அந்தக் கன்று செய்வதில் பூவம்மாவை மிஞ்ச தேக்காவில் ஆள் கிடையாது. தன் கைக்குழந்தை செல்லக்கண்ணு காய்ச்சலில் போன பிறகு, அதே கையால்தான் இதையும் செய்திருந்தாள். கோணிச்சாக்கில் உடம்பு. சிரட்டையில் தலை. மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெட்டிய விரல்கள். மேலே செத்த பிள்ளையின் சட்டை.

"மாட்டை ஏமாத்தின மாதிரி உன்னை நீயே ஏமாத்திக்கிறியா?" என்றேன் பூவம்மாவிடம்.

அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மாடு எங்கண்ணே ஏமாறுது? அதுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பால் விடுது."

என்னைத் தடுக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

கனத்தது.

வைக்கோல் அவ்வளவு கனக்காது.

வண்டியை ரோட்டு முனையில் நிறுத்தியிருந்தேன். பாதி வழியில், துணிக்கடைக்காரர் மனைவி ஜைனப் வாசலுக்கு ஓடிவந்தாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற பெண்.

"அண்ணே, நில்லுங்க! புள்ள இப்படிக் கத்துது, காதுல விழலையா? எங்கிட்ட கொடுங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"சாக்குப் பொம்மைம்மா இது. உள்ளே போ."

அவள் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். ரவிக்கை முழுக்கப் பால் நனைந்து வழிந்தது.

"எம்புள்ள குடிச்சிட்டு உள்ள தூங்குதே..." என்று முணுமுணுத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

அதற்கடுத்த கதவும்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். எல்லாக் கண்ணும் என் தோள்மேல்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில் எதைக் கொண்டுபோய் எரிப்பது? வந்த வழியே திரும்பினேன். சேதுபதி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். நான் அதைப் பூவம்மா மடியில் வைத்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையால் மூடிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். அப்புறம் அதைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டினாள்.

ஏப்பம் வந்தது.

சின்ன ஏப்பம்.

சேதுபதி என் கையைப் பிடித்துக்கொண்டான். பூவம்மா ஒரு கையால் அதை அணைத்தபடி, மறுகையால் தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய்.

"அண்ணே..." என்றான் சேதுபதி.

"என்னடா அண்ணே? ஈர வைக்கோலுக்குள்ள காத்து அடைச்சிருக்கும். தட்டினா வெளிய வரும். அவ திங்கிறாளா, அதைப் பாரு."

புல்லை இறக்கிப் போட்டுவிட்டு வண்டிக்காளையை அதட்டினேன். அது நகரவில்லை. கொட்டகைப் பக்கமே கழுத்தைத் திருப்பி, காதை விறைத்துக்கொண்டு நின்றது. மழையில் மிரண்டிருக்கும். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.