மின்னி மறைந்த கறுப்புத் திரை

2005-இல் ஒரு பௌர்ணமி. காலை ஒன்பது மணி. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் லாட்ஜ் வரவேற்பறையில் மூட்டை முடிச்சுகளோடு நின்றது. அறைப்பதிவு நிரல் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“இந்தப் பொண்ணுதான் எதையோ நோண்டிட்டா மேடம்!” முதலாளி அப்பாதுரை ஊருக்கே கேட்கக் கத்தினார். “இன்னியோட இவள அனுப்பிடப் போறேன்.”

நிரலை எழுதிக் கொடுத்த எழிலரசி வேங்கிக்காலிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். கணினிமுன் இருந்த வரவேற்பாளர் ஆஃப்ஷீனின் கலங்கிய கண்களைப் பார்த்ததும் அவளுக்கு அப்பாதுரைமேல் எரிச்சல் வந்தது. சுவரில் அறைச் சாவிகள் தொங்கிய பலகையை ஒருமுறை பார்த்தாள். ஏழுக்கு அடுத்து ஒன்பது. பதினாறுக்கு அடுத்து பதினெட்டு. இடையில் ஆணியே இல்லை.

“கடைசியா எப்போ ஓடிச்சு?”

“நேத்து நான் கெளம்புற வரைக்கும் ஓடிச்சு மேடம். காலைல ஐக்கான அழுத்துனா கறுப்பா ஒண்ணு வந்து ஒடனே மறைஞ்சிடுது.”

“ராத்திரி யார் இருந்தா?”

“நான்தான். மூடிட்டுப் போனேன், நான் ஒண்ணும் கெடுக்கல,” என்றார் அப்பாதுரை.

எழிலரசி கட்டளைத் திரையைத் திறந்து, நிரலைக் கையால் ஓட்டினாள். இம்முறை செய்தி மறையவில்லை. ஜாவா நிரல் தனக்கென ஒரு விர்ச்சுவல் மெஷினை எழுப்பி அதற்குள்தான் ஓடும். அதை எழுப்பவே முடியவில்லை, கேட்ட நினைவகம் அளவுக்கு மீறியது என்றது செய்தி. தொடக்கக் கோப்பில் அவள் கொடுத்திருந்த அளவு 512 எம்பி. இப்போது 5121. இந்தக் கணினியில் இருப்பதே அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

கோப்பைத் திறந்து, திருத்தி, சேமித்தும் இருக்கிறார்கள். கை தவறி இவ்வளவும் நடக்காது.

“சார், அஞ்சு, ஒண்ணு, ரெண்டு. கூட்டுனா?”

“எட்டு.” பதில் சட்டென்று வந்தது.

“கூட ஒரு ஒண்ணு சேத்தா?”

அப்பாதுரையின் பார்வை சாவிப் பலகைக்குப் போனது.

“எட்டாம் நம்பர் ரூமும் இல்ல, பதினேழும் இல்ல. எட்டு வந்தாலே உங்களுக்கு ஆகாது. நீங்கதான் அத ஒம்பதாக்கிட்டீங்க.”

“நீங்க அந்த வரிய எழுதுனப்ப பாத்தேன். யாவாரம் கம்மியா இருக்குதேன்னு நல்லதுக்குத்தான் மேடம் செஞ்சேன். மாத்துனப்புறமும் ஓடிச்சே!”

“அப்போ ஓடுனது பழைய நம்பர்ல. மூடித் தெறந்தாத்தான் புதுச படிக்கும். காலைல தெறந்தது இவ. பழி இவ தலைல விழுந்துச்சு.”

எழிலரசி 450 என்று அடித்தாள். “ஒங்களுக்கும் ஒம்பது, மெஷினுக்கும் தாங்கும்.” நிரல் திறந்தது.

“சரி சரி, வேலையப் பாரும்மா,” என்றார் அப்பாதுரை.

ஆஃப்ஷீன் விசைப்பலகையைத் தொடவில்லை. “இத்தினி பேரு எதிர்ல திட்னீங்க சார். இப்ப எங்கிட்ட மட்டும் சரி சரின்னா எப்டி?”

எழிலரசிக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அப்பாதுரை அவளைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை. கடைசியில் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“தப்பு என்னுதுதாங்க. இந்தப் பொண்ணு எதையும் கெடுக்கல.”

ஆஃப்ஷீன் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வாங்கம்மா,” என்றாள் முன்னால் நின்ற பெண்ணிடம். “எத்தினி பேரு?”