எதிர்பார்த்தது இரண்டு

டெஸ்ட் சிவப்பில் நின்றிருந்தது. எதிர்பார்த்தது 2, கிடைத்தது 3 என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். ஜன்னல் வரை நடந்து, வெளியே மேகம் கவிந்து கிடந்த சனிக்கிழமை மதியத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, டெஸ்டை மறுபடி ஓட்டினாள். பிரவுசர் தானாகத் திறந்தது. யாரும் கீபோர்டைத் தொடாமலே பெயர்க் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன, பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாக நிரம்பியது, பக்கம் வந்தது, ஒரு நொடி நின்றது, மூடிக்கொண்டது. அவள் எழுதிய ஸ்கிரிப்ட்தான், ஆள் செய்வதையெல்லாம் தானே செய்து பார்க்கும் நிரல். இருந்தாலும் அந்த எழுத்துகள் விழும் வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. மறுபடி சிவப்பு. மறுபடி மூன்று.

பதினோரு வருடமாக இணையதளங்களைக் கையால் சோதிப்பதுதான் அவள் பிழைப்பு. ஒவ்வொரு பட்டனையும் தானே அழுத்தி, தானே பார்த்து, சரி தப்பு எழுதுவாள். இனிமேல் அதையெல்லாம் ஸ்கிரிப்ட் செய்யுமாம். திங்கட்கிழமை காலை மேலாளர் முன்னால் ஒரு டெஸ்டாவது பச்சையில் ஓடவேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் சுண்டு இல்லை. சுண்டு அவள் மகள், மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்குச் சம்பளம் வரும்வரை பிள்ளை அம்மாவிடம், நின்றுபோனால் அப்பாவிடம் என்று பிரியும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அந்த நாளுக்காக அந்த மனிதர் நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

பழகுவதற்கு அவள் எடுத்துக்கொண்டது தங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கதவுகளுக்கான இணையதளம். இங்கே சாவி கிடையாது, உள்ளே வரவும் வெளியே போகவும் கார்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இணையப் பக்கம் உண்டு. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அதில் வரி வரியாகக் காட்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் 'எங்கள் வீட்டார்' என்று ஒரு பட்டன். வாரம் ஒருமுறை அதை அழுத்தினால்தான் கதவு அந்த ஆளை வீட்டு ஆளாக வைத்துக்கொள்ளும். இந்த வீட்டுக்கு அனுமதி இரண்டு பேருக்கு. முதல் வரி அவள், அடுத்தது சுண்டு. எத்தனை வரி என்று எண்ணிப் பார்ப்பதற்கு இதைவிடச் சுலபமான பக்கம் உலகத்தில் கிடைக்காது என்று நினைத்துத்தான் ஆரம்பித்திருந்தாள்.

பக்கத்தைத் தன் கையால் திறந்து பார்த்தாள். இரண்டு வரிகள்தான்.

ஒல்லிக்குப் போன் போட்டாள். ஒல்லி அவளோடு வேலை பார்ப்பவன், ஸ்கிரிப்டில் புலி.

"கண்ணுக்கு எத்தன வரி தெரியுதுக்கா?"

"ரெண்டுதான்டா. இது மூணுங்குது."

"அப்ப ஒன்னு மறைஞ்சிருக்கு. ஸ்கிரிப்ட் நம்மள மாதிரி கண்ணால பாக்காது, பக்கத்துக்கு அடியில என்ன இருக்கோ அத எண்ணும். அந்தப் பக்கத்தச் செஞ்சவன் அரைகுறையா விட்டுட்டுப் போயிருப்பான். அந்த வரியில என்ன இருக்குன்னு எடுத்துப் பாருங்க. அப்புறம் இன்னொன்னு, பட்டன அழுத்தும்போது பேரச் சொல்லிப் பிடிங்க. கடைசி வரி, முதல் வரின்னு இடத்த வெச்சுப் பிடிச்சீங்கன்னா, புதுசா எவனாவது வந்து நின்னா அவனப் பிடிச்சுக்கும்."

"சரிங்க வாத்தியாரே."

"கிண்டல் பண்ணுங்க. திங்கக்கிழம தெரியும்."

மூன்றாவது வரியை எடுத்துக் காட்டச் சொல்லி ஸ்கிரிப்டில் எழுதினாள். வந்தது. பெயர் என்ற இடம் காலி. உள்ளே வந்த நேரம் 3:12.

அவளும் சுண்டும் கடையிலிருந்து வந்ததும் 3:12தான். இரண்டு கையிலும் பை. கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் காலால் முட்டுக் கொடுத்து நின்றபடி, "சீக்கிரம் வாடி, கால் வலிக்குது" என்று கத்தியது நினைவிருந்தது. சுண்டு ஆடி அசைந்து வந்து உள்ளே நுழைந்தாள். அதற்குப் பிறகும் கதவை எவ்வளவு நேரம் அப்படியே பிடித்திருந்தோம் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சமையலறையில் பிரிட்ஜ் உறுமி அடங்கியது. குளியலறைக் குழாய் சொட்டியது, அவள் போய் இறுக்கினாள். காயாத துணியை மடித்து வைத்தாற்போல ஒரு வாடை, நடைவழியில் ஆரம்பித்துப் படுக்கையறைப் பக்கம் கனத்துப் போயிருந்தது. கதவு நாலு விரல் அளவு திறந்திருக்க, உள்ளே சுண்டு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவளுக்கும் பரீட்சை. "சுண்டு, பால் வேணுமா?" என்றாள். வாய்ப்பாடு நிற்கவில்லை. படிக்கிற பிள்ளையை எதற்குக் கெடுப்பானேன் என்று திரும்பி வந்தாள்.

அடுத்த பாடம், பட்டன் அழுத்துவது. சுண்டுவின் வரியைப் பிடித்து அழுத்தவேண்டும், பிறகு எண்ண வேண்டும். முதலில் ஒல்லி சொன்னபடி பெயரை வைத்துத்தான் எழுதினாள். அப்படி ஒரு வரியே இல்லை என்றது ஸ்கிரிப்ட். பெயரைப் பக்கத்திலிருந்தே எடுத்து ஒட்டினாள். இல்லை. எழுந்து ஒரு நடை, உட்கார்ந்து ஒரு தடவை. பத்து நொடி காத்திருக்கச் சொன்னாள். காத்திருந்துவிட்டு இல்லை என்றது. மணி ஐந்தரை. கண் எரிந்தது. மகளை யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது போலவே ஒரு படம் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று, பெயரை அழித்துவிட்டு, கடைசி வரி என்று எழுதினாள்.

ஓட்டினாள். பிரவுசர் திறந்தது. எழுத்துகள். புள்ளிகள். பக்கம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று எதையோ அழுத்தியது. மூடிக்கொண்டது.

பச்சை. எதிர்பார்த்தது 2, கிடைத்தது 2.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை இருக்கிறது. சுண்டு இருக்கிறாள். மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு ஒல்லிக்குச் செய்தி அனுப்பினாள். அவன் உடனே போன் போட்டான்.

"சூப்பர்க்கா. அந்த மூணாவது வரிய என்ன பண்ணீங்க?"

"ஒன்னும் பண்ணல. போயிடுச்சு."

"தானா எப்படிப் போகும்?" அவன் குரலில் சிரிப்பில்லை. "ஓடி முடிஞ்சதும் ஸ்கிரிப்ட் அந்தப் பக்கத்த ஒரு படம் எடுத்து வெச்சிருக்கும், அதத் தொறந்து பாருங்க. தப்பான பட்டன அழுத்தினாலும் பச்ச வரும்க்கா."

படத்தைத் திறந்தாள்.

இரண்டு வரிகள். முதல் வரியில் அவள் பெயர். இரண்டாவது வரியில் பெயர் இல்லை. 3:12. எதிரில் 'எங்கள் வீட்டார்', பச்சை டிக். கீழே சின்ன எழுத்தில், அனுமதி இரண்டு பேர், நிரம்பிவிட்டது.

சுண்டுவின் பெயர் எங்கேயும் இல்லை.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். படுக்கையறையில் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. ஏழேழு நாற்பத்தொன்பது. ஏழெட்டு ஐம்பத்தாறு. ஏழொன்பது அறுபத்துமூன்று. ஏழெட்டில் சுண்டு தடுக்கி விழாத நாளே கிடையாது. அடித்தும் பார்த்தாயிற்று, கொஞ்சியும் பார்த்தாயிற்று. மதியத்திலிருந்து ஒருமுறைகூடத் தடுக்கவில்லை. மூச்சு வாங்கவும் இல்லை.

எழுந்தாள். படுக்கையறைப் பக்கம் ஓரடி வைத்து நின்றாள்.

வாசல் கதவில் தட்டும் சத்தம். மெதுவாக. கதவின் கீழ்ப்பாதியில்.

"அம்மா."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, கதவத் தெற. என் கார்ட எடுக்க மாட்டேங்குது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுகைக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கிற குரல். பெற்றவளுக்குத் தெரியாதா. மதியத்திலிருந்து இந்தக் கதவு திறக்கவேயில்லை, திறந்தால் கீச்சிடும். அவள் ஓடிப்போய்க் கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். வெளியே மங்கலான ஒற்றை விளக்கின் கீழே சுண்டு. வெறுங்காலோடு, வீட்டில் போடும் கவுனோடு. இரண்டு கையாலும் கார்டைப் பிடித்துக் காட்டுகிறாள். எடுக்கவில்லை. மறுபடி காட்டுகிறாள்.

கைப்பிடியை அழுத்தினாள். இறங்கவில்லை. தன் கார்டைத் தேடிக் கை மேசைப் பக்கம் நீண்டது.

வாய்ப்பாடு நின்றது.

படுக்கையறைக் கதவு நகர்ந்தது. தரையில் வெறுங்கால். சின்னச் சின்ன அடி. நடைவழி தாண்டி. மேசை தாண்டி. அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"யாரும்மா அது?"

சுண்டுவின் குரல்.

"அம்மா," என்றாள் வெளியே சுண்டு. "இருட்டா இருக்கும்மா."

அவள் திரும்பவில்லை. தொங்கிக்கொண்டிருந்த இடது கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. பிறந்த நாளிலிருந்து பிடித்துப் பழகிய கை, ஒவ்வொரு விரலும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

"தெறக்காதம்மா," என்றது. "நாமதான் ரெண்டு பேரும் உள்ள இருக்கோமே."