எங்கள் வீட்டுக் கொட்டகை ஸ்பீக்கர்கள்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

“இன்னா எல்சி, வூட்ல விசேஷமா?”

அம்மாவும் ஒரே பதிலைத்தான் சொல்வார். “விசேஷம்லாம் இல்லக்கா. இதுங்க ரெண்டும் எங்க வூட்டு ஆளுங்க.”

அந்த இரண்டு ஆட்கள் இரண்டு ஸ்பீக்கர்கள். மேசையில் வைக்கிற ஸ்பீக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே பீரோ அளவுக்கு ஒரு மரப்பெட்டி. அதன் மேல், ஒரு ஆள் தலையை உள்ளே விடலாம் போல வாயைப் பிளந்துகொண்டு ஓர் இரும்புக் குழாய். இதேபோல இன்னொன்று. ஒரு பழைய சினிமாக் கொட்டகையை இடித்தபோது அப்பா ஆசை ஆசையாக வாங்கிவந்தவை.

ராயபுரத்தில் எங்கள் சந்து வீடுகள் எல்லாமே சின்னவை. முன்னறையில் ஸ்பீக்கர்கள் நின்றது போக மிச்ச இடத்தில் நாங்கள் இருந்தோம். சாப்பிட உட்கார்ந்தால் என் முழங்கால் அம்மாவின் தட்டில் இடிக்கும்.

அப்பா பெயர் பிராங்கிளின். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வேலை முடிந்து வந்து குளித்ததும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, பழைய பாட்டு ஒன்றை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது.

“இவ்ளோ பெரிய ஸ்பீக்கர்ல இத்துனூண்டு சத்தமாப்பா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இதுக்கு வாய்தான் பெருசு, பசி சின்னது,” என்றார் அப்பா. “கொஞ்சூண்டு கரண்டு குடுத்தாலே போதும். நாள் முழுக்க இரும்பும் இரும்பும் மோதுறதைக் கேட்டுகினு கீறேன். வூட்டுக்கு வந்தா, யாரோ பக்கத்துல குந்திகினு எனக்காகவே பாடுற மாறி கீது.”

அப்பாவுக்கு அது சந்தோஷம். எனக்கு அது அவமானம். பள்ளியில் மேத்யூ எனக்கு ‘மைக் செட்டு’ என்று பெயர் வைத்துவிட்டான். வருகைப் பதிவில் டீச்சர் “கரோலின்” என்று கூப்பிட்டால், அவன் பின்னாலிருந்து “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்பான். வகுப்பே சிரிக்கும்.

என் பெஞ்சில் உட்காருகிற ரஹீமுன்னிசா, சுருக்கமாக ரஹீமா, இந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்தவள். அவளாவது எங்கள் வீட்டைப் பார்க்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் இருவரும் சேர்ந்து கடல் மீன்களைப் பற்றி ஒரு சார்ட் செய்ய வேண்டியிருந்தது.

“உங்க வூட்ல செய்யலாமா?” என்று கேட்டாள்.

“எங்க வூட்ல பெயிண்ட் அடிக்கிறாங்க,” என்றேன்.

அடுத்த வாரம் கேட்டாள். அப்போதும் பெயிண்ட் அடித்தார்கள். மூன்றாவது வாரம் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “உங்க வூடு மொத்தம் எத்தினி மாடி கரோலின்?”

வேறு வழியில்லாமல் சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னேன். சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். பதினொரு மணி வாக்கில் வாசலில் வேதமாணிக்கம் மாமா வந்து நின்றார். எங்கள் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். அப்பாவின் தோஸ்து.

“அப்பா இல்லியா பாப்பா? நம்ம தெருவு கேரம் போட்டி இன்னிக்கு. என் பாக்ஸெல்லாம் எண்ணூர் கல்யாணத்துல மாட்டிக்கிச்சி. உங்க குழாய் கெடைக்குமான்னு பாக்க வந்தேன். உங்கப்பன் தரமாட்டான், தெரியும். சும்மா ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்னு.”

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வந்து வாயில் நின்றது.

“அப்பா எடுத்துக்கினு போகச் சொன்னாரு மாமா.”

“நெஜமாவா?”

“ஆமா. பெட்டியையும் சேத்து எடுத்துக்கினு போவணுமாம்.”

“பெட்டி எதுக்கு? குழாய் போதுமே.”

“ரெண்டும் சேந்தாதான் நல்லா இருக்குமாம். ரெண்டு பக்கமும் எடுத்துக்கோங்க.”

மாமா சந்தோஷமாகத் தலையைச் சொறிந்துகொண்டு போய், இரண்டு பேரையும் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியையும் கூட்டிவந்தார். அரைமணி நேரத்தில் முன்னறை காலி. முன்னறையின் குறுக்கே நான் ஓடிப் பார்த்தேன். ஏழு அடி எடுத்து வைக்க முடிந்தது.

மூன்று மணிக்கு ரஹீமா வந்தாள். சுவரைப் பார்த்தாள். ஸ்பீக்கர்கள் நின்ற இரண்டு இடத்திலும் சுவர் வெள்ளையாக இருந்தது. மற்ற இடமெல்லாம் பழுப்பு. மூலையில் ஒட்டடையும், போன வருடம் காணாமல் போன என் ஒற்றைச் சாக்ஸும் கிடந்தன.

“இன்னா கலரு பெயிண்ட் அடிச்சாங்க?” என்று கேட்டாள்.

“அதே கலருதான்,” என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் சமையலறைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தாள்.

“இன்னா தேடுற?”

“உங்க வூட்ல பெரிய கொட்டகை ஸ்பீக்கர் கீதுன்னு மேத்யூ சொன்னான். எங்க அத்தா கிட்ட சொன்னேன். அதுல பாட்டு எப்டி கேக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னாரு. அதுக்குத்தான் மூணு வாரமா கேட்டுகினு இருந்தேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்போது தெருமுனையிலிருந்து பாட்டு கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா வைப்பதுபோல ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற பாட்டு இல்லை அது. நூறு பேர் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. பிறகு ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். ‘டப்’ என்று இன்னொன்று. பாட்டு பாதியாகக் குறைந்துபோனது.

அது எங்கள் ஸ்பீக்கர்தான் என்று ரஹீமாவிடம் சொல்லாமலே அவளை வழியனுப்பினேன்.

ஆறு மணிக்கு மீன்பாடி வண்டி திரும்பி வந்தது. அதே நேரத்தில் அப்பாவும் சைக்கிளில் வந்து இறங்கினார். வண்டியில் இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போனது.

“ஒரு பக்கம் பேச மாட்டேங்குது பிராங்கிளின்,” என்றார் மாமா. “இவ்ளோ பெரிய குழாயாச்சேன்னு என் ஐந்நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். அது தாங்கலை போலக் கீது. ஆனா நீ குடுக்கச் சொன்னப்பவே சின்னதாப் போடுன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம் இல்ல?”

“நான் குடுக்கச் சொன்னேனா?” என்றார் அப்பா.

“பாப்பாதான் சொல்லிச்சி.”

அப்பா என்னைப் பார்த்தார். சந்தில் பத்துப் பேர் நின்றார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆமா,” என்றார் அப்பா மெதுவாக. “நான்தான் சொன்னேன். ஆம்ப்ளிஃபயர் விஷயத்தைச் சொல்ல மறந்துட்டேன். தப்பு என்மேலதான்.”

“பின்ன? நீ இல்ல சொல்லணும்,” என்று முணுமுணுத்துக்கொண்டே மாமா போனார்.

அப்பா அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. எனக்காக, பத்துப் பேர் முன்னால், அவர் செய்யாத தப்பை வாங்கிக்கொண்டார்.

உள்ளே வந்து குழாயின் பின்னால் இருந்த, சத்தம் எழுப்புகிற யூனிட்டைக் கழற்றினார். அதற்குள்ளிருந்த கம்பிச் சுருள் கருகிப் போயிருந்தது. அறையெல்லாம் தீய்ந்த வாசனை.

“ஏன் குடுத்தே?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

“வெக்கமா இருந்துச்சிப்பா.”

“இதைப் பாத்தா?”

தலையை ஆட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

அப்பா அந்தச் சின்ன அறையைச் சுற்றிப் பார்த்தார். “இடத்தை அடைச்சிகினுதான் கீது. நான் என் காதை மட்டும் பாத்துக்கினேன். இந்த மாறி யூனிட்டு இனிமே கெடைக்காது. ஒத்தை ஸ்பீக்கரை வச்சிகினு இன்னா பண்றது? திங்கக்கிழமை காயலான் கடைக்காரரைக் கூப்ட்டு எடைக்குப் போட்டுடலாம்.”

மூன்று வாரமாக நான் ஆசைப்பட்டது அதுதான். அப்படியிருந்தும் எனக்கு அழுகைதான் வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பாட்டு இல்லை. அப்பா வெறுமனே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகத் தெருமுனைக்குப் போனேன். வேதமாணிக்கம் மாமா கேரம் பலகைக்குப் பக்கத்தில் நாலைந்து பேரோடு இருந்தார். அவர்கள் போகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, அப்பா பத்துப் பேர் முன்னால்தானே சொன்னார் என்று தோன்றியது.

“மாமா, அப்பா குடுக்கச் சொல்லலை. நான்தான் பொய் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.”

ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். என் காது சுட்டது.

மாமா என் பக்கம் திரும்பினார். “அடிப்பாவி. நான் அவனைப் போயி பேசிட்டேனே.” ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கீழே வைத்தார். “அப்டியும் உன்னைக் காட்டிக் குடுக்கலை பாரு அவன்.”

“அதைச் சரி பண்ண முடியுமா மாமா? நாளைக்கு எடைக்குப் போடுறாராம்.”

“கம்பியைப் புதுசா சுத்தணும். தலைமுடி மாறி இருக்கும். அதையெல்லாம் சுத்துறதுக்கு இப்ப யாரு கீறாங்க?”

கம்பி சுற்றுகிற ஒருவரை எனக்குத் தெரியும். ரஹீமாவின் அத்தா அமான் பாய் காசிமேட்டில் விசைப்படகு மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறார். ஆனால் அங்கே போவதென்றால் முதலில் ரஹீமாவிடம் பேச வேண்டும். இருந்தாலும் போனேன்.

“எங்க வூட்ல பெயிண்டே அடிக்கலை,” என்றேன் அவள் வீட்டு வாசலில் நின்று.

“தெரியும்.”

“ஸ்பீக்கர் கீது. நீ பாக்கக் கூடாதுன்னு நான்தான் அனுப்பிட்டேன். இப்ப எரிஞ்சி போச்சி.”

அவள் முகம் சுருங்கியது. “நான் உங்க வூட்டுக்கு வரக் கூடாதுன்னுதான் பெயிண்ட்டுன்னு சொன்னியா?”

“நீ வரக் கூடாதுன்னு இல்ல. நீயும் பாத்து சிரிப்பேன்னு.”

“சிரிச்சிருப்பேன். ஆனா பாட்டைக் கேட்டுட்டு சிரிச்சிருப்பேன்.” பிறகு உள்ளே திரும்பி, “அத்தா, இங்க வாயேன்,” என்று கூப்பிட்டாள்.

அமான் பாய் எல்லாவற்றையும் கேட்டார். “நான் சுத்துறது கயிறு மாறி கம்பிம்மா. இது வேற வேலை. பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த யூனிட்டை எடுத்துக்கினு வா.”

உடனே ஓடிப்போய் எடுத்து வந்துவிடலாம். அப்பா அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். ஆனால் நான் அவரை எழுப்பிக் கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார்.

வழியில் வேதமாணிக்கம் மாமா எதிரே வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிடு மாமு,” என்றார். அப்பா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு என் தோளில் கையைப் போட்டார்.

காயலான் கடைக்காரரை யாரும் கூப்பிடவில்லை. அமான் பாய் முதல் தடவை சுற்றிய கம்பி அறுந்தது. இரண்டாம் தடவை சுற்றியது உள்ளே நுழையவில்லை. மூன்றாவது சுருளைத் தன் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு சுற்றினார். அதற்குப் பத்து நாள் ஆனது.

அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அமான் பாயும் ரஹீமாவும் வேதமாணிக்கம் மாமாவும் எங்கள் முன்னறையில் எப்படியோ நுழைந்து உட்கார்ந்தார்கள். அப்பா ஒரு பழைய பாட்டைப் போட்டார். மெல்லிய சத்தம்தான். பாடகர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. ரஹீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பக்கத்துலயே நிக்கிறாரு,” என்றாள்.

பாட்டு முடிந்ததும் அப்பா கேட்டார். “எந்தப் பக்கம் புதுக் கம்பி? சொல்லுங்க பாக்கலாம்.”

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்றார் மாமா. அம்மாவும் அதையே சொன்னார். அமான் பாய் சந்தோஷமாக மீசையைத் தடவினார்.

எனக்குக் கேட்டது. இடது பக்கம் லேசாக, மூக்கடைத்தவர் பாடுவதுபோல. நான் செய்த வேலை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். பேசாமல் இருந்துவிடலாம். கன்னம் சுட்டது.

“இடது பக்கம்,” என்றேன். “அது பழைய மாறி இல்லப்பா.”

அமான் பாய் என்னை உற்றுப் பார்த்தார். “கம்பி ஒரு நூல் தடிச்சிடுச்சி. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்,” என்றார்.

“எனக்கும் கேட்டுச்சி பாய்,” என்றார் அப்பா. “எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நெனச்சேன்.”

அவர் முகத்தில் வருத்தம் இல்லை. இத்தனை நாள் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்ததுபோல் இருந்தது. அந்தக் குட்டி ஆம்ப்ளிஃபயரை அதுவரை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. அதை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“அடுத்த பாட்டை நீ போடு,” என்றார்.