பதில் சீழ்க்கை

அன்று சாயங்காலம் காவல்வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: சதுப்பைக் காவல் காக்கும் பெரியவர், அவருடைய மூத்த மகன், இறந்துபோன இளைய மகனின் மனைவி, பெரியவரின் தங்கையான அத்தை, பறவைகளின் காலில் வளையம் மாட்டுவதற்காக நகரத்திலிருந்து மதியம்தான் வந்து இறங்கிய ஓர் அம்மாள். வேறு ஒருவரும் இல்லை. தாங்களும் அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பிற்பாடு பெருகிவிட்டார்கள்.

காவல்வீடு தண்ணீருக்கு மேலே மரக்கால்களில் நிற்பது. அதன் படியிலிருந்து ஒரு பலகைப்பாதை கிளம்பி நாணலுக்குள் போய் மறையும். வடக்கே குளிர் இறங்கியதும் பறவைகள் இந்தத் தெற்குச் சதுப்புக்கு வந்துவிடும். முதலில் வாத்துகள், பிறகு உள்ளான்கள், எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கட்டைவிரல் அளவே உள்ள பழுப்பு நிற நாணல்குருவிகள். அவற்றின் வேலை ஒன்றே ஒன்றுதான். கேட்டதையெல்லாம் திருப்பிப் பாடுவது. தவளையைக் கேட்டால் தவளை, துடுப்பின் கிறீச்சொலியைக் கேட்டால் துடுப்பு.

வளையக்கார அம்மாள் வலையில் விழுந்த குருவிகளைச் சின்னச் சின்னத் துணிப்பைகளில் போட்டு, சுவரிலிருந்த ஆணிகளில் வரிசையாக மாட்டியிருந்தார். பைகள் அவ்வப்போது துடித்தன. அறையில் ஈர இறகின் வாடையும் சேற்று வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்து நின்றன. மேசையில் தராசு, குறடு, மெல்லிய உலோக வளையங்கள்.

"ஏன் இங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேங்கிறீங்க? வந்ததுலேர்ந்து விசில் சத்தம்தான் கேக்குது" என்று அம்மாள் கேட்டார்.

"நாணலுக்குள்ள குரல் போகாதும்மா. போனாலும் பறவை பூரா எழுந்து ஓடிரும்" என்றாள் அத்தை. "அதனால இந்த வீட்டுல ஆளுக்கு ஒரு விசில். பொறந்ததும் பேர் வைக்கிறாங்களோ இல்லையோ, விசில் வெச்சிருவாங்க. என்னைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. எங்க அண்ணன் படகுலேர்ந்து விசிலடிக்கிறார். நானும் வாயைக் குவிச்சுப் பதிலுக்கு ஒண்ணு அடிச்சேன். அவ்வளவுதான். எழுந்து போனவங்க இன்னும் போய்க்கிட்டே இருக்காங்க."

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். மூத்தவனும் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. "பதில் குடுக்கிறது விளையாட்டில்லை" என்றார்.

"ஆமா, அதைச் சொல்லணுமே" என்று அத்தை தொடர்ந்தாள். "புதைசேத்துல ஒருத்தன் மாட்டிக்கிட்டா விசிலடிப்பான். பதில் வரலைன்னா அவன் பாடு. மல்லாந்து படுத்துப் புரண்டு, நாணலைப் பிடிச்சு இழுத்து, எப்படியாவது கரையேறிடணும். ஆனா பதில் வந்துட்டா, கை கால் அசைக்கக் கூடாது. அசைஞ்சா சேறு இழுக்கும், காப்பாத்த வர்றவனையும் சேத்து இழுக்கும். நின்ன இடத்துல சிலை மாதிரி நிக்கணும். பதில் குடுத்தவன் வந்துருவான்."

"வராம போனா?"

"எங்க வீட்டுல அப்படி நடந்ததில்லை" என்றார் பெரியவர்.

மூலையில் தகரப்பெட்டியை மூடிக்கொண்டிருந்த இளைய மருமகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் காலைப் படகில் அவள் பிறந்த வீட்டுக்குப் போகிறாள். போகிறாள் என்பதைவிட அனுப்பப்படுகிறாள் என்பதே சரி.

காரணம் எல்லோரும் அறிந்தது. போன பருவத்தில் ஒரு மாலை, கண்ணிவைப்பவர்களின் தடம் தெரிகிறது என்று நாணலுக்குள் போன இளையவன் திரும்பவில்லை. மறுநாள் அவனைக் கண்டெடுத்தார்கள். புதைசேற்றில் நேராக நின்றபடி இருந்தான். தண்ணீர் தலைக்கு மேல் ஓர் அங்குலம். கைகள் இரண்டும் மார்பில் ஒட்டியிருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் நாணல் இருந்தும் ஒரு தாள்கூட ஒடிந்திருக்கவில்லை. சதுப்பிலேயே பிறந்து வளர்ந்தவன் பிழைக்க ஒரு முயற்சியும் செய்யவில்லை என்றால், அவன் பிழைக்க விரும்பவில்லை என்று ஊர் முடிவு கட்டியது. கட்டியவனுக்கு வீட்டில் என்ன குறை வைத்தாளோ என்று அடுத்த பேச்சு வந்தது.

பெரியவர் வெளியே யாரையும் அப்படிப் பேச விட்டதில்லை. அவர் எதிரில் அந்தப் பேச்சை எடுத்த இரண்டொருவர் படி இறங்கும்போது செருப்பை மறந்துவிட்டுப் போனார்கள். ஆனால் அவர் மனசும் அதையேதான் சொல்லியது. அன்றிலிருந்து மருமகளிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதை அத்தையிடம் சொல்வார். அவள் அந்த அறையிலேயே நின்றாலும் அத்தைதான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"படகு சீக்கிரமே வந்துரும், தயாரா இருக்கச் சொல்லு" என்றார் அத்தையிடம்.

"அவளுக்குக் காது இருக்கு அண்ணே" என்றாள் அத்தை.

வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. வாத்துகளின் சலசலப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நீர்நாய் ஒன்று எங்கோ முங்கும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அப்போதுதான் அந்தச் சீழ்க்கை கேட்டது.

இரண்டு குட்டை ஒலிகள். அப்புறம் மேலே மேலே ஏறிப் போகும் ஒரு நீள ஒலி.

இளையவனின் சீழ்க்கை.

மருமகளின் கையிலிருந்த பூட்டு தரையில் விழுந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் தம்மையறியாமல் வாசல் பக்கம் திரும்பினார். ஆனால் சத்தம் வாசலிலிருந்து வரவில்லை. சுவரில் தொங்கிய கடைசித் துணிப்பையிலிருந்து வந்தது.

"அட!" என்று அம்மாள் எழுந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. யாருடைய சீழ்க்கை என்று அவருக்கு எப்படித் தெரியும்? "பையில போட்ட குருவி மூச்சுக்கூட விடாது, இது பாடுதே! இது மனுஷ விசில் மாதிரி இருக்கு. போன வருஷம் இங்க வந்தப்போ கேட்டிருக்கும்."

பை மறுபடியும் சீழ்க்கையடித்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.

பிறகு அதே பையிலிருந்து வேறொரு சீழ்க்கை வந்தது. நீளமாகத் தொடங்கி, கீழே இறங்கி, பட்டென்று முறியும் ஒலி.

"பாருங்க, பதில்கூடப் பாடுது!" என்றார் அம்மாள். "ரெண்டையும் ஒண்ணா கேட்டாத்தான் இப்படி வரும். இது யாரோட விசில் ஐயா?"

எல்லோரும் மூத்தவனைப் பார்த்தார்கள்.

குருவி நிறுத்தவில்லை. மறுபடி இளையவன் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி. பதில் இல்லை. நடுவே இருந்த இடைவெளியையும் அது விடாமல் பாடியது. ஒவ்வொரு தடவையும் நீள ஒலி கொஞ்சம் குறைவாக ஏறியது. கடைசியில் இரண்டு குட்டை ஒலி மட்டும் தெளிவாக வந்தது. மூன்றாவது, தண்ணீருக்குள் ஊதினால் வருமே, அப்படி வந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க" என்றான் மூத்தவன்.

அம்மாள் பையை எடுத்து உள்ளே கையை விட்டார். விட்ட கையை உடனே இழுத்துக்கொண்டார். அப்புறம் பையைத் தலைகீழாக மேசைமேல் உதறினார்.

குருவி விறைத்துக் கிடந்தது. கண் குழிந்திருந்தது.

"இது எப்பவோ செத்துப்போச்சு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நான் இதை உயிரோடதான் போட்டேன். சத்தியமா."

குறடால் அலகைத் திறந்து பார்த்தார்.

தொண்டைவரை சேறு அடைத்திருந்தது.

பெரியவர் அதைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவருக்கு வேறு எதுவும் விளங்கத் தேவையிருக்கவில்லை. இளையவன் கைகளை மார்பில் ஒட்டிக்கொண்டு ஏன் அசையாமல் நின்றான் என்பது விளங்கியது. அவன் சாகப் போகவில்லை. பதில் வந்தது, அதனால் நின்றான். அண்ணன் வருவான் என்று நின்றான். தண்ணீர் வாய்க்கு வரும்வரை நின்றான்.

"நீ அங்க இருந்தியா?" என்று கேட்டார்.

"பலகைப்பாதை முனையில இருந்தேன்பா. இருட்டிடுச்சு. அந்தப் பக்கம் சேறு எப்படின்னு உங்களுக்குத் தெரியும். பயமா இருந்துச்சு. விடியட்டும்னு நினைச்சேன்."

"பயந்தவன் பதில் ஏன்டா குடுத்த?"

"குடுக்கணும்னு குடுக்கலைப்பா. கேட்டதும் வாயில தானா வந்துடுச்சு. பழக்கம்."

"பதில் குடுக்காம இருந்திருந்தா புரண்டு வந்திருப்பானேடா பாவி" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தப் பொண்ணை ஊரே கரிச்சுக் கொட்டுச்சே, கல்லு மாதிரி உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியே!"

மருமகள் அழவில்லை. குனிந்து பூட்டை எடுத்தாள். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் சீழ்க்கை மறுபடியும் கேட்டது.

இந்தத் தடவை பையிலிருந்து இல்லை. மேசையிலிருந்து இல்லை.

வீட்டுக்கு அடியிலிருந்து.

பலகைகளுக்குக் கீழே, தண்ணீர்மட்டத்தில், பொறுமையாக. இரண்டு குட்டை, ஒரு நீளம். பலகை இடுக்கு வழியே குளிர்ந்த சேற்று வாடை மேலே வந்தது. அடுத்த சீழ்க்கை படிக்கட்டின் அருகில். அதற்கடுத்தது பலகைப்பாதையில், நாணலை நோக்கிப் போகும் திசையில். வழி காட்டுவது போல இருந்தது.

பெரியவர் எழுந்து நின்றார். முதுகு கம்பி போல நிமிர்ந்திருந்தது.

"அம்மாடி, லாந்தரைக் கொண்டா" என்றார்.

மருமகள் திடுக்கிட்டாள். அவளிடம்தான் சொன்னார். நேராக, அவள் முகத்தைப் பார்த்து. அவள் லாந்தரை எடுத்து வந்தாள். அவர் வாங்கி மகனிடம் நீட்டினார்.

"பதில் குடுத்தவன் போகணும்."

"அப்பா, நீங்களும் வாங்க."

"கூப்பிட்டது என்னை இல்லை."

"ஐயா, இது என்ன பைத்தியக்காரத்தனம்!" என்று அம்மாள் குறுக்கே வந்தார். மருமகளும் முன்னால் வந்தாள். "வேண்டாம் மாமா. அவரை அனுப்பாதீங்க. விடியட்டும்."

"போன தடவையும் விடியட்டும்னுதான் நினைச்சான்" என்றார் பெரியவர்.

மூத்தவன் தந்தையை ஒரு முறை பார்த்தான். அந்த முகத்தில் தனக்கு இடம் இல்லை என்று கண்டுகொண்டான். லாந்தரை வாங்கிக்கொண்டு படி இறங்கினான். பெரியவர் அவனைத் தள்ளினார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் விரல்கூட அவன்மேல் படவில்லை. அம்மாளும் அதைக் கண்ணால் பார்த்தவர்.

மஞ்சள் வெளிச்சம் பலகைப்பாதை வழியே நாணலுக்குள் போனது. முனையில் நின்றது. எல்லோருக்கும் கேட்கும்படி மூத்தவன் தன் சீழ்க்கையை அடித்தான். நீளமாக, கீழே இறங்கி, முறிந்தது.

உடனே எதிரிலிருந்து பதில் வந்தது. வெகு அருகில். ரொம்ப நாள் காத்திருந்தவன் ஆளைக் கண்டதும் அடிப்பது போல, ஒரு சந்தோஷத்தோடு.

வெளிச்சம் முன்னால் நகர்ந்தது.

பலகை முடிந்த இடத்தைத் தாண்டியும் நகர்ந்தது.

பிறகு மெல்ல மெல்லத் தாழ்ந்தது. விழவில்லை, அலறல் இல்லை, தண்ணீர் அடிபடும் சத்தமும் இல்லை. யாரோ கையைப் பிடித்து நிதானமாகப் படி இறக்கிக்கொண்டு போவது போலத் தாழ்ந்தது. தண்ணீருக்கு அடியில் போன பிறகும் கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரிந்தது.

அத்தை வீல் என்று கத்தினாள். சதுப்பிலிருந்த பறவைகள் அத்தனையும் ஒன்றாக எழுந்து வானத்தை மறைத்தன. பெரியவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்த கையை நெடுநேரம் எடுக்கவில்லை.

காலையில் ஊர்க்காரர்கள் கழிகளால் குத்தித் தேடினார்கள். சேறு வழித்து மெழுகியது போல இருந்தது. நாணலில் ஒரு தாள்கூட ஒடியவில்லை. உடல் அகப்படவில்லை. வந்த படகு மருமகளை ஏற்றாமல் திரும்பிப் போனது. படித்துறையில் நின்றிருந்த அத்தனை பேரும் கேட்கும்படி, "என் மருமகமேல குத்தம் சொன்ன வாய் எல்லாம் இனிமே மூடியே இருக்கட்டும். குத்தம் என் வீட்டு ஆம்பளையோடது" என்று பெரியவர் சொன்னார். சொன்ன பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்றுவரை அவரிடம் அதைப் பற்றித் துக்கம் கேட்க யாரும் துணிந்ததில்லை.

அம்மாள் எல்லாப் பைகளையும் திறந்து குருவிகளைப் பறக்கவிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். மறுபடி வரவில்லை.

பருவம் முடிந்தது. வெயில் ஏறியது. வாத்துகள் போயின, உள்ளான்கள் போயின. சதுப்பு வெறிச்சோடியது.

ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு அடியில் சீழ்க்கை கேட்கிறது. ஒன்று ஏறும். ஒன்று இறங்கி முறியும். இரண்டும் பலகைகளின் கீழே சுற்றிச் சுற்றி வரும். பெரியவர் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே வந்ததும் நின்று, பதிலுக்குக் காத்திருக்கும்.

அந்த வீட்டில் இப்போது யாரும் வாயைக் குவிப்பதில்லை. அத்தை முந்தானையைக் கடித்துக்கொள்வாள். பெரியவர் வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, விழுங்காமல், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அறுபது வருஷப் பழக்கம். தானாக வந்துவிடக் கூடாது அல்லவா? முழு இருட்டு வந்து சத்தம் அடங்கிய பிறகுதான் எழுந்து போய்த் துப்புவார்.

அது நாணல்குருவியின் வேலை, கேட்டதைத் திருப்பிப் பாடுகிறது, வேறொன்றும் இல்லை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். அது தவறு. குருவிகள் எல்லாம் வடக்கே போய்விட்டன.