அம்பாசடர் போகும் நாள்

பழைய அம்பாசடரின் முன்சீட்டு பெஞ்சு போல நீளமானது. அப்பாவுக்கும் சவாரிக்கு ஏறுபவருக்கும் நடுவில் சோபியா உட்கார்ந்துகொள்வாள். அப்பா பீட்டர், தீவின் கப்பல்துறையான ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டாக்சி ஓட்டுபவர். கப்பலில் வந்து இறங்கியவர்கள், "எத்தனாவது படிக்கிறே பாப்பா?" என்று பேசிக்கொண்டே வருவார்கள்.

போன மாதம் புதுக் கார் வந்தது.

"இதுல ஏசி இருக்கு. பின்னால வர்றதக் காட்டுற கேமரா இருக்கு. இந்தக் கிழவன்கிட்ட என்ன இருக்கு?" என்றார் அப்பா.

"எனக்கு இடம் இருக்கு," என்றாள் சோபியா.

புதுக் காரில் முன்னால் இரண்டு தனித்தனி இருக்கைகள். நடுவில் கியர்.

அம்மா பிரசவத்துக்காகத் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். பள்ளி விட்டு வந்தால் குட்வில் எஸ்டேட் வீட்டில் பேச யாருமில்லை. வாசலில் நிற்கும் அம்பாசடருக்குள் உட்கார்ந்து சோபியா வீட்டுப்பாடம் எழுதுவாள். ஏழாம் வாய்ப்பாட்டை அதனிடம்தான் ஒப்பிப்பாள். தப்பாகச் சொன்னாலும் அது ஒன்றும் சொல்லாது.

அந்த வண்டியையும் அப்பா விற்கப் போகிறார்.

"ஞாயித்துக்கிழமை பாராடாங் தீவுக்காரர் ஒருத்தர் வருவாரு, நாகலிங்கம்னு. நான் ஜெட்டியில இருப்பேன். விலையெல்லாம் பேசியாச்சு. ஓட்டிப் பாத்துப் பிடிச்சா எடுத்துட்டுப் போகட்டும். சாவியக் குடுத்துரு மக்கா."

ஞாயிறு பூசையில் சோபியா கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். 'மாதாவே, அவருக்கு வண்டி பிடிக்கவே கூடாது.'

நாகலிங்கம் பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். அம்பாசடரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி கிர்ரென்று இருமி அடங்கியது. மறுபடியும் திருப்பினார். மறுபடியும் இருமல்.

"பட்டன் அமுக்குற வண்டிதான் எனக்குப் பழக்கம். இதுக்கு ஏதாச்சும் மந்திரம் இருக்கா பாப்பா?"

மந்திரம் இருந்தது. என்ஜின் குளிர்ந்திருந்தால் 'சோக்' என்கிற பிடியை இழுக்க வேண்டும். அதன் குமிழ் உடைந்து பல வருடமாகிறது. டாஷ்போர்டுக்கு அடியில் வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருக்கும். அது அப்பாவுக்கும் சோபியாவுக்கும் மட்டுமே தெரியும்.

சோபியா தரையைப் பார்த்தாள். மாதா கேட்டுவிட்டார்.

நாகலிங்கம் அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா எடுக்கவில்லை. "மத்தியானம் எங்க ஊருக்குப் போற காட்டுப் பாதை கேட்டை மூடிருவாங்க. சலோ, வேற வண்டி பாப்போம்," என்று ஆட்டோவுக்குத் திரும்பினார்.

ஆட்டோ சீட்டில் குறுக்காக, மாவுக்கட்டு போட்ட கால் ஒன்று நீண்டிருந்தது. காலுக்குச் சொந்தக்காரி சோபியா வயதுப் பெண்.

"வேற வண்டின்னா கால நீட்ட முடியாதேப்பா," என்றாள் அவள்.

"எம்பொண்ணு சங்கவி," என்றார் நாகலிங்கம். "மரத்துல ஏறி விழுந்துட்டா."

"ஏறும்போது விழல. இறங்கும்போதுதான்."

சோபியாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஸ்கூலுக்கு எப்படிப் போறே?"

"மூணு மாசமாப் போகல. நேத்து ஆஸ்பத்திரிக்கு வர பஸ்ல மூணு பேரு தூக்கி ஏத்துனாங்க. தெனமும் யாரு தூக்குவா?"

"வீட்டுல என்ன பண்ணுவே?"

"படுத்திருப்பேன். சுவத்துல ஒரு பல்லி இருக்கு. அதுகூடப் பேசுவேன்."

"பதில் சொல்லுமா?"

"சில நேரம்."

சோபியா அம்பாசடரின் பின்சீட்டைப் பார்த்தாள். கட்டில் மாதிரி அகலமாக இருந்தது.

"அங்கிள், இருங்க," என்று ஓடிப்போய் முன்சீட்டில் ஏறினாள். குனிந்து கம்பியைப் பாதி வரை இழுத்தாள். "இப்பத் திருப்புங்க."

வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

சங்கவி பின்சீட்டில் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டாள். "இந்தக் கண்ணாடி பாதியிலயே நின்னுரும். உள்ளங்கையால தூக்கிவிடு," என்றாள் சோபியா.

வண்டி திருப்பத்தில் மறைந்தது. வாசலில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சோபியா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். 'மாதாவே, காலையில கேட்டத மறந்துருங்க,' என்று மெல்லச் சொன்னாள். வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது.

இருட்டும் நேரத்தில் அப்பா வந்தார். அவருடைய போன் அடித்தது. "உன்னையத்தான் கேக்குறாங்க," என்று நீட்டினார்.

"நான் சங்கவி. வந்து சேந்துட்டோம். நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன்."

"வண்டியில ஏதும் கோளாறா?"

"இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

சோபியா போனோடு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சோறு ஆறுது மக்கா," என்று அப்பா உள்ளேயிருந்து இரண்டாம் தடவை கூப்பிட்டார்.

"இருங்கப்பா," என்றாள் சோபியா. "நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."