அழைக்காத வீடு

காலைக் காப்பியைக் குடித்ததும் நானும் என் கணவர் வேதரத்தினமும் வெளிநாட்டுக்குப் போய்விடுவோம். நாங்கள் தங்கியிருந்த திருச்சிக் குடியேற்ற மையத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தலைக்கவசத்தை மாட்டினால் போதும். பனிநாடு ஒன்றின் வெல்மார் பள்ளத்தாக்கில் எங்களுக்காக நிற்கும் இரண்டு பதிலுருக்கள், அதாவது ஆளுயர ரோபோக்கள், கண் திறக்கும். நாங்கள் இங்கே கை தூக்கினால் அவை அங்கே தூக்கும். இதற்கு முன்வாழ்வு என்று பெயர். ஊர் பிடித்தால் குடியேறலாம் என்றுதான் விளம்பரத்தில் சொன்னார்கள். அந்த ஊர் எங்களுக்கு மதிப்பெண் போடும் என்று சொல்லவில்லை.

வேதாரண்யத்தில் எங்கள் அடுப்படிக்குள் கடல் வந்துவிட்டது. சித்திரைக்குள் வெளியேற வேண்டும். நகரம் வேண்டாம், கிராமம்தான் என்று தேர்ந்தெடுத்தது நாங்கள்தான். ஆத்திர அவசரத்துக்கு ஒரு குரல் கொடுத்தால் அக்கம்பக்கத்தில் யாராவது வருவார்கள் என்ற நினைப்பு. வெல்மாரில் மிஞ்சியிருந்தது வயதானவர்கள் மட்டும். ஆளில்லாமல் ஊர் சாகிறது, வாருங்கள் என்று அவர்களே கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் முன்வாழ்வில் எதிர்வீட்டு ஓல்வின் இறந்துபோனார். சவ வண்டி வந்து நின்றதைப் பார்த்ததும் எழுந்து போனோம். அவர் மனைவி இல்சா தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. சாவு வீட்டில் அடுப்பெரியக் கூடாதென்று என் கணவர் எங்கள் சோதனை வீட்டில் சூப் காய்ச்சிக் கொண்டுவந்தார். இல்சா என் இரும்புக் கையைப் பிடித்தவள் சாயங்காலம்வரை விடவில்லை.

அன்று மாலையே முடிவு வந்தது. தேறவில்லை.

"அழைப்பு இல்லாம வீட்டுக்குள்ள போயிருக்கீங்கக்கா. அங்க அது அத்துமீறல்" என்றாள் மையத்து ஆலோசகர் ஷெரின்.

"சாவு வீட்டுக்கு வெத்தலை பாக்கு வெச்சா கூப்பிடுவாங்க? நல்லதுக்குக் கூப்பிட்டாப் போவணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போவணும். அந்தம்மா புகார் குடுத்தாங்களா?"

"இல்லக்கா. கதவே பதிவு பண்ணிரும். தலைக்கணக்கு குறைஞ்சா பஸ், கரண்டு, ஆஸ்பத்திரி எல்லாத்தையும் மூடிருவாங்க. அதுக்குத்தான் உங்களை எடுக்கறாங்க. உறவு கொண்டாட இல்ல."

மனுஷர் வேண்டுமென்று கூப்பிட்டுவிட்டு மனுஷத்தனத்துக்கு மார்க் குறைப்பார்களாம். இன்னொரு தரம் போகலாம், யார் வீட்டுக்கும் போகாமல் இருந்தால் தேறிவிடலாம் என்றாள் ஷெரின்.

போனோம். வாயையும் கதவையும் மூடிக்கொண்டு இருந்தோம். இல்சா தினமும் தன் ஜன்னலிலிருந்து எங்களைப் பார்ப்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஒருநாள் அவள் வீட்டுத் திரை விலகவே இல்லை. மறுநாளும் அப்படியே. நான் எழுந்தேன். கணவரின் பதிலுரு என் தோளை அழுத்தியது.

"அரசி, உக்காரு. நமக்குப் போக்கிடம் இது ஒண்ணுதான்."

அவசர எண்ணை அழைத்தேன். உறவினரா என்று கேட்டது. இல்லை என்றேன். துண்டித்துவிட்டது. உறவு இல்லையென்றால் ஒருத்தி செத்தாளா பிழைத்தாளா என்று கேட்கக்கூட வழியில்லாத ஊர், இதுவும் ஓர் ஊரா?

அதற்கடுத்த நாள் இல்சாவின் வாசலுக்கு அதே சவ வண்டி வந்தது. பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. கூட ஒரு ஆளும் போகவில்லை.

மத்தியானம் தலைக்கவசத் திரையில் வாழ்த்துச் செய்தி வந்தது. நாங்கள் தேறிவிட்டோம். எங்களுக்கு ஒதுக்கிய வீட்டின் படமும் இருந்தது. அது இல்சாவின் வீடு.

ஷெரினின் குரல் காதில் கேட்டது. "சாயங்காலம் உறுதியாயிரும்க்கா. அதுவரைக்கும் அசையாம இருங்க."

எப்படி இருப்பது? தெருவைத் தாண்டிப் போய் அந்த மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பதிலுருவுக்குக் கண்ணீர் வராது, குரல் வரும். மார்பில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அந்த ஊரில் யாரும் கேட்டிராத சத்தம். மூடியிருந்த ஜன்னல்களில் திரைகள் அசைந்தன. தலைக்கவசத் திரையோரத்தில் என் மதிப்பெண் சரசரவென்று இறங்கியது. ஷெரின் பதறிக்கொண்டு ஏதேதோ சொன்னாள். எதுவும் என் காதில் ஏறவில்லை.

என்னை இழுத்துப்போகத்தான் கணவர் வருகிறார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவங்க பேரு இல்சாதானே?" என்றார். "பேரைச் சொல்லி அழுவு, அரசி."