கூழ்த்தொட்டியில் ஒரு கெமிஸ்ட்

போன் அலறியது.

திங்கட்கிழமை காலை. மணி ஆறு நாற்பது.

இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் தமிழ்நிலா, முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"மேடம்... ஏட்டு ராயப்பராஜ் பேசுறேன். தாடிக்கொம்பு ரோட்டுல 'மழலைப்பூ' டிஷ்யூ கம்பெனி இருக்குல்ல... அங்க பேப்பர் கூழ்த்தொட்டியில ஒரு ஆளு மிதக்குறாரு மேடம்!"

"உயிர்...?"

"எங்க மேடம்! வெறச்சுப் போயிக் கெடக்காரு. மொத ஷிப்ட்டுக்கு வந்த பொம்பள ஒருத்தி பாத்துட்டுப் போட்ட சத்தத்துல, ரோட்டுல போன பஸ்ஸே நின்னுருச்சாம்!"

"நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் எதையும் தொடக் கூடாது. இந்தா வாரேன்!"

அடுப்பை அணைத்தாள்.

திரும்பினால்... மூன்று வயது மகள் மேஜையில் பாலைச் சிந்திவிட்டு, சமர்த்தாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மழலைப்பூ டிஷ்யூவால்!

கம்பெனியில் போலீஸ் போட்டோக்காரர் வேலையை முடித்ததும் உடலைத் தூக்கித் தரையில் கிடத்தினார்கள்.

தலை முதல் கால் வரை வெள்ளைக் கூழ். கண்ணிமையில்கூட!

டோனி. வயது இருபத்தொன்பது. கம்பெனியின் குவாலிட்டி கெமிஸ்ட்.

"நேத்து ஞாயித்துக்கெழம. கம்பெனி லீவு மேடம்..." முதலாளி பொன்னழகு கையைப் பிசைந்தார். அறுபது வயது. வெள்ளை வேட்டி. "இவன் எதுக்கு வந்தான்னே தெரியல. மேல நடக்குற பலகையில இருந்து வழுக்கி விழுந்துருக்கணும்."

தமிழ்நிலா படியேறினாள். பலகையின் இருபுறமும் இடுப்பு உயரக் கம்பி. பண்டலைக் கொட்டும் இடத்தில் மட்டும் திறப்பு. அதைத் தடுக்க ஒரு சங்கிலி.

சங்கிலி கழற்றித் தொங்கவிடப்பட்டிருந்தது.

கீழே இறங்கி வந்தாள்.

"வழுக்கி விழுற ஆளு, சங்கிலியக் கழட்டிட்டா சார் விழுவாரு?"

பொன்னழகு அண்ணாந்து சங்கிலியைப் பார்த்தார்.

"கேமரா?"

"லீவு அன்னிக்கு ஆஃப் பண்ணிருவோம்..."

"வாட்ச்மேன்?"

"அவனுக்கும் லீவு."

"கொலைகாரனுக்கு மட்டும் வேலை நாளா?"

டோனியின் லேப் அறைக்குள் நுழைந்தாள். மேஜை இழுப்பறை காலி. அலமாரி காலி. கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம்!

"ஏட்டய்யா... போன், பேப்பர், கம்ப்யூட்டர்... மூணும் இல்ல. குடோன், கக்கூஸ் ஒண்ணு விடாம அலசுங்க."

கத்திய பெண் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சொர்ணலட்சுமி. சின்னாளபட்டிக்காரி. முப்பது வயதிருக்கும்.

"டோனி எப்பிடி?"

"தங்கமான பையன் மேடம். அவனப் போயி..." முந்தானையால் வாயைப் பொத்தினாள். "ஒரு மாசமா எங்களோட மல்லுக்கு நின்னான். கிளவுஸ் போடாம பில் பேப்பரத் தொடாதீங்கக்கான்னு."

"பில் பேப்பரா?"

"கடையில துணி எடுத்தா, பெட்ரோல் போட்டா வழவழன்னு ஒரு சீட்டுக் குடுப்பான்ல... அதான். கழிவாப் போறத பண்டல் பண்டலா இங்க வாங்குறாங்க. நாங்க எட்டுப் பொம்பளைங்க வெறுங்கையால பிரிச்சுப் போடுவோம். தொட்டியில கூழாகும். டிஷ்யூவா வெளிய போகும்."

"அதுல என்ன கெடுதலாம்?"

"பிஸ்பினால்னு ஒரு கெமிக்கலாம். எழுத்து கருப்பா விழுறதுக்கு அதத்தான் தடவுறாங்களாம். அது ஒடம்புக்குள்ள போனா ஹார்மோன் மாதிரியே வேஷம் போடுமாம் மேடம். வேஷம் போட்டு உள்ள இருக்குற கணக்கையெல்லாம் கொழப்பி விட்ருமாம். எங்க எட்டுப் பேருகிட்டயும் யூரின் வாங்கி, டிஷ்யூவையும் சேத்து வெளியூரு லேபுக்கு அனுப்புனான். போன வாரம் ரிப்போர்ட்டு வந்துச்சு. எல்லாத்துலயும் இருக்குன்னான்!"

காலையில் மகள் கையில் இருந்த டிஷ்யூ தமிழ்நிலாவுக்கு ஞாபகம் வந்தது. அந்த டிஷ்யூ டப்பாவின் மேல் அச்சடித்திருந்த வாசகம் கண்ணில் ஓடியது... 'பச்சிளம் குழந்தைக்கும் பாதுகாப்பானது!'

"எனக்கு ரெண்டு தடவ கலைஞ்சிருச்சு மேடம்." சொர்ணலட்சுமியின் குரல் திடீரென்று இறுகியது. "அதனாலதான் கலைஞ்சுச்சுன்னு நான் சொல்லல. டோனியும் அப்பிடிச் சொல்லல. ஆனா தெரிஞ்சவங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்ல? மூணு வருசமா வெறுங்கையால அள்ள விட்டாங்களே... நாங்க என்ன மனுச ஜென்மம் இல்லியா?"

தமிழ்நிலா விறுவிறுவென்று பொன்னழகுவிடம் நடந்தாள்.

நடையில் கோபம் இருந்தது.

"கம்பெனி ஃபைல் எல்லாம் எங்க சார்?"

"வீட்டுல மேடம்."

"வண்டியில ஏறுங்க."

ஊருக்குள் பொன்னழகுவின் வீடு. மார்பிள் தரை. ஊஞ்சல். கையில் ஒட்டிய கூழைக் கழுவ வாஷ்பேசின் பக்கம் போனாள் தமிழ்நிலா.

பூப்போட்ட பருத்தித் துண்டு ஒன்று நீண்டது. நீட்டியவள் பொன்னழகுவின் மருமகள் தீபா. ஆறு மாதக் கர்ப்பம். கணவன் துபாயில். கம்பெனியின் மார்க்கெட்டிங் அவள் பொறுப்பு.

"டிஷ்யூ முதலாளி வீட்டுல டிஷ்யூ இல்லியா?"

தீபா ஹாலை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு மாசமா மாமா அத வீட்டுக்குள்ள விடுறதே இல்ல மேடம். புள்ளத்தாச்சிக்கு ஆகாதும்பாரு. ஏன்னு கேட்டா எரிஞ்சு விழுவாரு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க..."

துண்டைச் சுருட்டி எறிந்தாள் தமிழ்நிலா.

ஹாலுக்குள் புயலாக நுழைந்தாள்.

"உங்க வீட்டு வாரிசுக்கு மட்டும் துணித் துண்டு! ஊர்ப் புள்ளைங்க வாயத் தொடைக்க விஷப் பேப்பரு! டோனி அதக் கண்டுபிடிச்சான். தொட்டியில தள்ளிட்டீங்க!"

"ஐயோ... மேடம்! என்ன சொல்றீங்க? விஷமா?"

"நடிக்காதீங்க சார்! எந்திரிங்க!"

பொன்னழகுவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை சட்டைப் பைக்குள் போனது. எதையோ உருவியது. நெற்றியைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். கடைசியில் வெற்றிலைச் சாறு வழிந்த உதட்டை அழுத்தித் துடைத்தார்.

தமிழ்நிலா அப்படியே நின்றுவிட்டாள்.

"சார்... அது என்ன?"

"எது? இதா? நம்ம டிஷ்யூதான் மேடம்..."

"விஷம்னு தெரிஞ்ச மனுசன் அதால வாயத் தொடைப்பானா? வீட்டுல டிஷ்யூ வெக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"தீபாதான். துணித் துண்டுதான் பெரிய வீட்டு ஸ்டைலு மாமான்னு சொல்லுச்சு. எனக்கு இதுதான் தோது. அதான் பையில வெச்சுக்கிடுவேன்..."

"பொய்! மாமா பொய் சொல்றாரு மேடம்!" வாசல் நிலையைப் பிடித்தபடி தீபா கத்தினாள்.

தமிழ்நிலாவின் போன் அடித்தது. ராயப்பராஜ்!

"மேடம்... பில் பேப்பர் குடோனுக்குள்ள நிக்கிறேன். பண்டல் சந்துல ஒரு ரோல் பேப்பரு கெடந்துச்சு. பிரிச்சா, ஒரு மொழத்துக்கு எழுதியிருக்கு மேடம்! பேனாவால இல்ல... நகத்தால!"

"நகத்தாலயா?"

"ஆமா மேடம். நானும் கீறிப் பாத்தேன். கருப்புக் கோடு விழுது!"

"கெமிஸ்ட்ல... அவனுக்கா தெரியாது! அதுல தடவியிருக்குற கெமிக்கல் நகம் உரசுற சூட்டுலயே கருத்துரும். படிங்க ஏட்டய்யா!"

ஸ்பீக்கரை அழுத்தினாள். ராயப்பராஜின் குரல் ஹால் முழுக்க நிறைந்தது.

"'ஞாயிறு மதியம் மூன்று மணி. பண்டலைக் காட்டச் சொல்லி தீபா மேடம் என்னை உள்ளே அனுப்பி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். போன் லேப்பில் இருக்கிறது. ரிப்போர்ட்டை அழித்துவிடுவதாகச் சம்மதித்தால்தான் திறப்பாராம். நான் சம்மதிக்கவில்லை. டோனி.' அம்புட்டுத்தான் மேடம்..."

பொன்னழகு ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மருமகளைப் பார்த்தார். "ஏம்மா... நீயா?"

தீபா அழவில்லை. நிமிர்ந்தாள். கண்ணில் வெறுப்பு மட்டும் மிச்சம்.

"பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? நாளைக்குப் பெரிய கம்பெனி கையெழுத்துப் போட வருது. நாடு பூரா நம்ம சரக்கு போகப் போகுது. அந்த நேரம் பாத்து ரிப்போர்ட்ட நீட்டுறான்! அவன உள்ள பூட்டி வெச்சுட்டு லேப்பக் காலி பண்ணேன். அஞ்சு மணிக்குக் கதவத் தொறந்தேன். நீ சொல்றதுதான் சரி டோனி, இனிமே பில் பேப்பர் வேணாம், எங்கெங்க மாத்தணும்னு மேல வந்து காட்டுன்னேன். சிரிச்சுக்கிட்டே ஏறுனான். சங்கிலியக் கழட்டிட்டு உள்ள பாருன்னேன்... குனிஞ்சான்."

இரண்டு கையாலும் காற்றைத் தள்ளிக் காட்டினாள்.

பளார்!

அடித்தது போலீஸ் இல்லை. பொன்னழகு!

"தள்ளி நில்லுங்க சார்!" தமிழ்நிலா சீறினாள். "உங்களுக்குத் தெரியாதுங்கிறதால நீங்க உத்தமரா? கம்பெனி உங்களுது. மூணு வருசத்துல அந்தப் பொம்பளைங்களுக்கு ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கிக் குடுத்திருக்கீங்களா? உங்களுக்கும் நோட்டீஸ் வரும். எங்கயும் போயிராதீங்க!"

உடன் வந்திருந்த பெண் போலீஸ் தீபாவின் கையைப் பிடித்தாள். அப்போதுதான் தீபாவின் குரல் இளகியது.

"மேடம்... வயித்துல புள்ள இருக்கு மேடம்..."

"சொர்ணலட்சுமி வயித்துலயும் இருந்துச்சு. ரெண்டு தடவ."

ஜீப் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. படியில் கால் வைத்த தீபா சட்டென்று திரும்பினாள். பழைய திமிர் மறுபடி ஏறியிருந்தது.

"அந்த ரிப்போர்ட்ட வெச்சு எங்க கம்பெனிய ஒண்ணும் பண்ண முடியாது, தெரிஞ்சுக்கங்க! வக்கீல்கிட்ட கேட்டாச்சு. டிஷ்யூ பேப்பர்ல இந்தக் கெமிக்கல் இருக்குன்னு கேஸ் போட சட்டத்துல இடமே இல்லியாம்!"

தமிழ்நிலா ஜீப்பின் பின்கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

"சட்டத்துல இடம் இல்லாட்டி என்னம்மா... ஜெயில்ல நெறைய இருக்கு. ஏறு!"